உபயம்: வெற்றிவேல் ஃபர்னிச்சர்

கபடி மைதானத்துக்கு விளக்கு வேண்டும் என்று கேட்டது நான்தான். அன்றைக்கே என் வாயை ஊசி நூல் போட்டுத் தைத்திருக்க வேண்டும்.

திண்டிவனத்தில் எங்கள் நகர் பூங்காவின் ஒரு பக்கம், கம்பி வேலி போட்ட சின்ன மைதானம் உண்டு. பள்ளி விட்டதும் என் அணிப் பெண்கள் அங்கேதான் ஆடுவார்கள். என் பெயர் அம்பிகா, விளையாட்டு டீச்சர். அடுத்த மாதம் விழுப்புரத்தில் மாவட்டப் போட்டி. ஆறு மணிக்கே இருட்டிக்கொண்டு வருகிற நாட்களில் விளக்கில்லாமல் என்ன பயிற்சி கொடுப்பது? ஃபர்னிச்சர் கடை வெற்றிவேல் தானாகவே முன்வந்து, கம்பம் நட்டு விளக்கு போட்டுத் தந்தார். தங்கமான மனுஷன் என்று நானும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் ரோட்டுப் பக்கத்து வேலியையே காணோம்! ஆள் உயரத்துக்கும் மேலே தகரம் அடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. சோபாவில் உட்கார்ந்தபடியே ஊரைப் பார்த்துக் கும்பிடுகிறார் வெற்றிவேல். பக்கத்தில் கட்டில், பீரோ, டைனிங் டேபிள். சுலபத் தவணை வசதி உண்டாம்.

அன்று பவானி ஆட வரவில்லை.

பவானிதான் எங்கள் அணியின் உயிர். கோட்டைத் தாண்டி ரெய்டு போனாள் என்றால் எதிரில் நிற்பவர்களுக்கு வெலவெலத்துவிடும். ஒரே ஒரு குறை. அணி தொடர்ந்து இரண்டு ரெய்டில் வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவதாகப் போகிறவள் பாயிண்ட் எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவுட். இந்தக் கணக்கு மட்டும் அவள் மண்டையில் நிற்காது. நானும் தொண்டை வறளக் கத்திவிட்டேன்.

அவளுடைய அம்மா சின்னபொண்ணு, பூங்காவுக்கு எதிரே தள்ளுவண்டியில் வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, விற்கிறவள். நேரே அவளிடம் போனேன்.

"பவானி எங்கம்மா?"

"ஊட்டுல கீறா டீச்சர். இனிமே வர மாட்டா."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு இன்னா, நல்லாத்தான் கீறா. இத்தினி நாளு யாவாரம் பாத்துக்கினே எம் பொண்ணையும் பாத்துக்கினு இருந்தேன். இப்ப நிமிந்து பாத்தா கட்டிலும் பீரோவும்தான் தெரியுது. பொழுது சாஞ்ச நேரத்துல வயசுப்புள்ள மறைவுல இருந்தா, உள்ள யாரு வர்றான் போறான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் இருக்கேன் இல்ல?"

"நீங்க இருப்பீங்க. ஊரு என்னைத்தான கேக்கும்?" என்றவள் ஒரு பொட்டலத்தை மடித்துக்கொண்டே முனகினாள். "அப்பிடி இன்னாதான் ஆட்டமோ. ஓடறாளுங்க, புடிக்கிறாளுங்க. எனக்கு ஒண்ணும் புரியறதில்ல."

இரண்டே நாளில் இன்னும் இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள், அதே காரணம். ஏழு பேர் சேராமல் விழுப்புரத்துக்கு யாரைக் கூட்டிக்கொண்டு போவது?

ஞாயிற்றுக்கிழமை பூங்கா நலச் சங்கக் கூட்டம். தலைவர் சீனுவாசன், ஓய்வுபெற்ற அதிகாரி. யாரையும் பகைத்துக்கொள்ளாமலே தலைமுடி நரைத்தவர்.

"பூங்காவுல விளம்பரம் கூடாதுன்னு வாசல்லயே நகராட்சி எழுதி வச்சிருக்கு சார். அந்தத் தகரத்தை எடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

வெற்றிவேல் சிரித்தார். "அது விளம்பரம் இல்ல மேடம், உபயம். நல்லாப் பாருங்க."

பார்த்தேன். பீரோவின் தலைமாட்டில், கடுகு அளவில், 'உபயம்' என்று போட்டுத்தான் இருந்தது. அடப்பாவி!

"உபயம்னா தப்பில்லையே" என்று சீனுவாசன் மழுப்பினார். அவ்வளவுதான், கூட்டம் திசைமாறிவிட்டது. காலையில் நடக்கிறவர்களுக்குத் தங்கள் குழுப் படமும் அதில் வேண்டுமாம். தகரம் அடிக்க இடம் காட்டியவருக்கு அவருடைய அப்பா படம் வேண்டுமாம். சோபா தெற்கே பார்க்கிறது, ஆகாது என்றார் ஒருவர். யார் படம் முதலில், யார் படம் பெரிதாக என்று ஒரு மணி நேரம் பேஜாரு. அந்த மைதானத்தில் பெண்கள் ஆடுகிறார்கள் என்ற நினைப்பே ஒருவருக்கும் இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன்.

"கோயிலுக்கு மணி வாங்கிக் குடுத்தா உபயம்னு எங்க சார் எழுதுவாங்க?"

"மணி மேலதான்" என்றார் சீனுவாசன்.

"ஃபேன் குடுத்தா?"

"இறக்கை மேல."

"மணியைக் குடுத்துட்டு, சாமியே தெரியாத மாதிரி சன்னதியை மறைச்சி யாராச்சும் தகரம் அடிப்பாங்களா? இவரு குடுத்தது லைட்டு. வேலியை இவரா குடுத்தாரு? எதைக் குடுத்தாரோ அது மேல எழுதிக்கட்டும்!"

கோயில் பேச்சை எடுத்ததும் நாலைந்து தலைகள் ஆடின. "முறைன்னு ஒண்ணு இருக்கு இல்ல" என்று சீனுவாசன் சட்டென்று என் பக்கம் சாய்ந்தார். வெற்றிவேலுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சரி மேடம். முறைப்படியே செஞ்சிடறேன்" என்றார்.

செய்துவிட்டார். செவ்வாய்க்கிழமை தகரம் இறங்கியது. அன்று சாயங்காலமே பவானி வந்தாள், மற்ற இருவரும் வந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருட்டத் தொடங்கியதும் விளக்கைப் போட்டேன்.

மைதானம் மங்கலாக, சிவப்பாகத் தெரிந்தது. அண்ணாந்து பார்த்தால், ஒவ்வொரு விளக்கின் கண்ணாடியிலும் சிவப்புப் பெயிண்ட்! 'உபயம்: வெற்றிவேல் ஃபர்னிச்சர்', கடை முகவரி, செல் நம்பர், அந்தக் கும்பிடுகிற கைகூட விடவில்லை. பாதி வெளிச்சத்தை எழுத்தே தின்றுவிட்டது. தலையில் அடித்துக்கொண்டேன். அது மேல எழுதிக்கட்டும் என்று சொன்னது யார்? நான்தான்.

வெற்றிவேல் கம்பத்தடியில் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். "கீழேர்ந்து பேரு தெரியுதா மேடம்?"

"பேரும் தெரியல, ஆளும் தெரியல சார்!"

கோபத்தோடு விசில் ஊதினேன். ஆட்டம் தொடங்கியது. பவானியின் பக்கம் ஒரு ரெய்டு காலி, இன்னொன்றும் காலி. மூன்றாவதாகப் பவானி போனாள். வழக்கம்போல எல்லாவற்றையும் மறந்துவிட்டு, சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பப் பார்த்தாள். கத்துவதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அடியே பவானி! மூணாவது ரெய்டுடி! சும்மா வந்த, காலை ஒடிச்சிடுவேன்!"

பவானி அப்படியே திரும்பிப் பாய்ந்து ஒருத்தியின் தோளைத் தொட்டுவிட்டு வந்தாள்.

திரும்பிப் பார்த்தேன். வண்டியை ரோட்டுக்கு அந்தப் பக்கம் அப்படியே விட்டுவிட்டு, வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள் சின்னபொண்ணு. இவளுக்குத்தான் ஒன்றும் புரிவதில்லையாம்!

"அங்கேர்ந்து கண்ணு தெரியல டீச்சர்" என்று என்னைப் பார்த்து வெட்கப்பட்டாள். அடுத்த நிமிடமே வெற்றிவேல் பக்கம் திரும்பினாள்.

"யோவ் சோபா கடைக்காரரே! ஜல்தியா ஏறி அந்த எழுத்தைத் தொடைய்யா. எம் பொண்ணு மூஞ்சி தெரியல."

வெற்றிவேல் என்னைப் பார்த்தார். நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு மைதானத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.