கழுவாத சொம்பு

நஞ்சுக்கொடி இன்னும் விழவில்லை. கலப்பின ஜெர்ஸி மாடு விடிவதற்குள் கிடாரிக் கன்று போட்டுவிட்டது. வெயில் கொட்டகைக் கூரைமேல் ஏறிய பிறகும் கொடி பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. அய்யனார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கொளஞ்சியம்மாள் கன்றைச் சாக்கால் துடைத்துவிட்டு, மடியைத் தேடிப்போன அதன் வாயைத் தள்ளித் தள்ளிப் பிடித்தாள். கொடி விழாமல் கன்றை ஊட்ட விடக்கூடாது என்பது இரண்டு பேருக்கும் விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரிந்த விஷயம். யாரும் அதற்குக் காரணம் கேட்டதில்லை.

கடலூர் முதுநகரில் சிமெண்ட் கடை வைத்திருக்கும் ராஜாமணி வீட்டுக் கொல்லை அது. சாணி அள்ளி, தீவனம் வைத்து, மாட்டோடு மாடாகக் கிடப்பவள் கொளஞ்சியம்மாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. கொட்டகையை ஒட்டிய தகரத் தடுப்புதான் அவளுக்கு வீடு. அய்யனார் கறவைக்காரன். சைக்கிளில் வந்து ராஜாமணி வீட்டிலும் அவருடைய தம்பிமார் வீடுகளிலும் கறந்துவிட்டுப் போவான். அந்த வீடுகளை விட்டால் அவனுக்கு வேறு கறவை கிடையாது.

முதலாளியம்மா இரண்டு பெரிய தூக்குவாளிகளோடு கொல்லைக்கு வந்தாள். கொடி விழும் வரைக்கும் பாலை மடியிலேயே வைத்திருந்தால் மடி கட்டிக்கொள்ளும், கறந்துவிடு என்றாள். சீம்பாலில் இருக்கிற எதிர்ப்பு சக்தி எந்த மாத்திரையிலும் இல்லையென்று டிவியில் ஒரு டாக்டர் சொன்னாராம். வெளிநாட்டில் பொடியாக்கி டப்பாவில் விற்கிறார்களாம். பேங்க் மேனேஜருக்கு ஒரு டப்பா, சிதம்பரத்தில் மகன் படிக்கிற காலேஜ் வாத்தியாருக்கு ஒரு டப்பா என்று அவளிடம் கணக்கு ஏற்கெனவே தயாராக இருந்தது.

அய்யனார் கறந்தான். மஞ்சள் கரைத்த மாதிரி பால் கெட்டியாக இறங்கியது. வாளிகள் இரண்டும் நிரம்பி உள்ளே போனதும், கொளஞ்சியம்மாள் அவன் மகளைப் பற்றி விசாரித்தாள். அந்த வருஷம் ஊரையே சிக்குன்குனியா முடக்கிப் போட்டிருந்தது. மற்றவர்கள் ஒரு வழியாக எழுந்துவிட்டார்கள். அவன் மகள் கனிமொழி மட்டும் எட்டு வயதில் கிழவி மாதிரி சுவரைப் பிடித்து நடந்தாள். சோறு கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொளஞ்சியம்மாள் தடுப்புக்குள் போய்த் தன்னுடைய கஞ்சிச் சொம்பை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"மிச்சம் இருக்கறத இதுல பீச்சிக்க. புள்ளைக்கு அவிச்சுக் குடு, தெம்பு வரும். கன்னுக்குச் சாயந்தரம் ஊறிடும்."

"கன்னு ஒண்ணுமே குடிக்கலியேக்கா."

"கொடியே வுழல, அது எப்படிக் குடிக்கும்? பீச்சுடா."

அவன் பீச்சினான். கன்று அவன் முழங்கையைக் காம்பென்று நினைத்துச் சப்பிக்கொண்டே இருந்தது. அந்தச் சொரசொரப்பான சின்ன நாக்கு பட்டபோதே அவனுக்கு என்னவோ போலிருந்தது. ஆனாலும் சொம்பு நிறைகிற வரைக்கும் கையை நிறுத்தவில்லை.

வீட்டில் புஷ்பவள்ளி வெல்லமும் ஏலக்காயும் தட்டிப் போட்டு இட்லிப் பானையில் வைத்து எடுத்தாள். தட்டில் வெட்டிப் போட்ட துண்டுகள் நடுங்கின. கனிமொழி ஒன்றைத் தின்றாள், இன்னொன்று கேட்டாள், கடைசியில் தட்டை நக்கினாள். புஷ்பவள்ளி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மொதலாளி வீட்டுல நல்ல மனசு என்றாள். அய்யனார் அதைத் திருத்தவில்லை. சொம்பை அவள் கழுவாமல் மாடத்தில் வைத்தாள். சீம்பால் வந்த பாத்திரத்தைக் கழுவித் திருப்பினால் கொடுத்தவர்களுடைய மாடு வற்றிப்போகும் என்பது அந்தப் பக்கத்துப் பழக்கம். வெறும் பாத்திரமாகப் போகக்கூடாதென்று ஒரு சிட்டிகை சர்க்கரையும் போட்டுவைத்தாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் கொடி விழுந்தது. கொளஞ்சியம்மாள் அதைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டுவிட்டு வந்தாள். கன்றை அவிழ்க்கப் போனபோது மறுபடி வாளிகள் வந்தன. பங்கு போகாவிட்டால் ராஜாமணியின் தம்பிமார் கோபித்துக்கொள்வார்களாம். மறுநாளும் வாளிகள் வந்தன. கன்றுக்குக் கறந்து முடித்த காம்புதான் கிடைத்தது. கனிமொழி சுவரை விட்டுவிட்டுத் தெருக்குழாய் வரைக்கும் தனியாக நடந்து போய்வந்த அன்று, கன்று வெள்ளையாகக் கழியத் தொடங்கியது.

கால்நடை டாக்டர் வந்தபோது அய்யனார்தான் கன்றின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தக் கால்கள் சில்லென்று இருந்தன.

"பொறந்த ஒடனே சீம்பால் குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"வயிறு முட்டக் குடிச்சுது டாக்டர்," என்றாள் முதலாளியம்மா. "இவதான் மண்ணத் தின்ன வுட்டுட்டா."

டாக்டர் கொளஞ்சியம்மாளைப் பார்த்தார். அவள் அய்யனாரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். கொடி விழக் காத்திருக்கக் கூடாது, அந்த முதல் பால்தான் கன்றுக்கு உயிர் என்று சொல்லிக்கொண்டே டாக்டர் ஊசியைப் போட்டார். அய்யனார் தலை குனிந்து கன்றின் காலை இன்னும் இறுக்கிப் பிடித்தான். பொழுது சாயும் முன் கன்று செத்தது.

கொளஞ்சியம்மாளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தடுப்பைக் காலி செய்யச் சொன்னார்கள். ஒரு சொம்புப் பாலைச் சொல்லியிருந்தால் பழி பாதியாவது அய்யனார் பக்கம் திரும்பியிருக்கும். அவள் மூச்சு விடவில்லை. அதுதான் அவனைக் கொன்றது. வாளி வாளியாகப் போனது எங்கே, தன்னுடைய சொம்பு எங்கே என்று மனசுக்குள் வழக்காடிப் பார்த்தான். ஆனால் கண்ணை மூடினால் வாளிகள் வரவில்லை. முழங்கையைச் சப்பிய அந்த நாக்குதான் வந்தது.

சொல்லிவிடுவதென்று கடைக்குப் போனான். ராஜாமணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, சீம்பாலின் மகிமையை யாரோ ஒரு கான்ட்ராக்டருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அய்யனாரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாடா. தையில நம்ம செவல மாடு கன்னு போடும். அத மொதல் கறவையிலேருந்து எனக்கு அப்படியே வச்சுடு. மேனேஜர் இப்பவே கேட்டுட்டாரு." பிறகு, நினைத்துக்கொண்டவர் போல, "ஒம் பொண்ணு எப்படி இருக்கா, நடக்குறாளா?" என்றார்.

"நடக்குறா மொதலாளி."

"மொகம் ஏன் வாடிக் கெடக்கு? என்னா வேணும், சொல்லு."

"ஒண்ணுமில்ல மொதலாளி. தவிடு தீந்துபோச்சு."

வெளியே வந்து சைக்கிளைத் தள்ளினான். தூ, நானும் ஒரு மனுஷனா என்று நினைத்துக்கொண்டான். வீட்டுக்குப் போய் மாடத்திலிருந்த சொம்பை எடுத்தான்.

கொளஞ்சியம்மாள் முதுநகர் ஸ்டேஷனில் துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். விருத்தாசலத்தில் தங்கச்சி இருக்கிறாள், அங்கே போகிறாளாம். அவனைப் பார்த்ததும் முதல் கேள்வியாகக் கனிமொழி நடக்கிறாளா என்றுதான் கேட்டாள். தலையாட்டினான். அவள் முகத்தில் உண்மையான சந்தோஷம் தெரிந்தது. அதைப் பார்க்க மாட்டாமல் சொம்பை நீட்டினான்.

"நான் சொல்லியிருக்கணும்க்கா."

"சொல்லி? ரெண்டு பேரும் ரோட்டுல நிக்கறதா?" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "நாந்தான பீச்சுன்னேன். எனக்கும் அந்தக் கன்னு கண்ணுலயே நிக்குது. வுடு."

சொம்புக்குள் பார்த்தாள். அடியில் மஞ்சள் ஆடை காய்ந்து ஒட்டியிருந்தது. புஷ்பவள்ளி போட்ட சர்க்கரையில் எறும்பு மொய்த்திருந்தது. கொளஞ்சியம்மாள் எழுந்து பிளாட்பாரக் குழாயடிக்குப் போனாள். குனிந்து ஒரு கை மண்ணை அள்ளிச் சொம்புக்குள் போட்டாள்.

"கழுவாதக்கா," என்றான் அய்யனார், தன்னை அறியாமல்.

"எனக்கு ஏதுடா மாடு, வத்திப்போறதுக்கு?"

தேய்த்தாள். மஞ்சள் அவ்வளவு சுலபமாகப் போகவில்லை, நகத்தால் சுரண்டினாள். இரண்டு தரம் அலசிக் கொட்டிவிட்டு, வண்டியில் குடிக்க அதிலேயே தண்ணீர் பிடித்துக்கொண்டாள்.

"நீ கெளம்பு," என்றாள். "கறவ நேரம். மாடு கத்திக்கிட்டுக் கெடக்கும்."