நடுநகர்த் தொகுதியின் நாலாயிரம் பேர்

நடுநகர்த் தொகுதியைக் கலைக்கப்போகிறார்கள் என்ற அறிவிப்பை இஸ்திரிக்கடைக் கதவிலேயே ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கடைக்காரி அதை இரண்டு தடவை படித்தாள். ஒரு தொகுதிக்குக் குறைந்தது ஐம்பதாயிரம் வாக்காளர் வேண்டுமாம், இங்கே முப்பத்தெட்டாயிரம்தானாம். தெருக்களை மூன்றாகப் பிரித்துப் பக்கத்துத் தொகுதிகளில் சேர்த்துவிடுவார்களாம்.

அவளுக்குச் சுருக்கென்றது. எண்பத்திரண்டு வருஷத் தொகுதி. முதன்முதலில் ஜெயித்தவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வேலைச் சட்டையோடே நாடாளுமன்றத்துக்குள் போய், சுமை தூக்குகிறவர்களுக்கு எட்டு மணி நேர வேலை என்று சட்டம் வாங்கிக்கொண்டு வந்தவர். பிறகொரு தேர்தல் ஒன்பதே ஓட்டு வித்தியாசத்தில் முடிந்தது; அந்த ஒன்பதில் நானும் ஒருத்தன் என்று மார்தட்டுகிறவர்கள் இன்றைக்கும் இருநூறு பேராவது தேறுவார்கள். இப்போதைய உறுப்பினர் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். பதவிக்கு வந்து பத்து வருஷமாகியும் எல்லோரும் அவளை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அன்று சாயங்காலமே சிஸ்டர் கடைக்கு வந்தாள்.

"அக்கா, ஆட்சேபணை விசாரணைக்கு ஒரு மாசம்தான் இருக்கு. வெறுங்கையோட போய் நின்னா ரெண்டே நிமிஷத்துல அனுப்பிடுவாங்க."

"முப்பத்தெட்டாயிரம்னு எவன் சொன்னான் சிஸ்டர்? கதவு நம்பர் இருக்கிற வீட்டை மட்டும் எண்ணியிருக்கான். கிடங்குக்கு மேல, கடைக்குப் பின்னால, மாடிப்படிக்குக் கீழ இருக்கிறவங்கல்லாம் மனுஷங்க இல்லையா?"

"அவங்க எங்கெங்க இருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றாள் கடைக்காரி.

வாய்ச் சவடால் இல்லை அது. இருபத்தாறு வருஷமாக அந்தத் தெருக்களின் துணியைத் தேய்த்து, மடித்து, படியேறிக் கொண்டுபோய்க் கொடுத்தவள். எந்தத் தகரக் கதவைத் தட்டினால் யார் எட்டிப் பார்ப்பார்கள் என்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

மறுநாளிலிருந்து காலையில் தேய்ப்பு, மதியத்துக்கு மேல் நடை. சிஸ்டர் படிவம் எழுதினாள். லிஃப்ட் இயக்கும் வேலையிலிருந்த கடைக்காரியின் கணவன் விடுப்புப் போட்டுவிட்டுப் படிவக் கட்டைச் சுமந்தான்.

"பதினெட்டு வருஷமா ஊரையே நான் மேல ஏத்திவிட்டிருக்கேன்," என்று நாலாவது மாடியில் மூச்சு வாங்கினான். "உன் ஆளுங்க ஒருத்தர் வீட்லயாவது லிஃப்ட் இருக்கா பாரு."

"இருந்தா கதவு நம்பரும் இருந்திருக்கும். நடங்க."

இருபத்திரண்டு நாளில் நாலாயிரத்து இருநூற்றாறு பேர் சேர்ந்தார்கள்.

விசாரணை மண்டபத்தில் தொகுதி எல்லை ஆணையத் தலைவரான ஓய்வுபெற்ற நீதிபதி கட்டைப் புரட்டிப் பார்த்தார். "ஒரே அறையில பத்துப் பேர்னு எழுதியிருக்கு. எழுதுறவங்க எதை வேணும்னாலும் எழுதலாம் இல்லையா?"

"எழுதலாம் ஐயா," என்றாள் கடைக்காரி. "ஆனா துணி பொய் சொல்லாது. ஒரே அளவுச் சட்டையா இருந்தாலும் ரெண்டு பேர் காலர் ஒரே மாதிரி தேயாது."

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரிக்கவில்லை. பழைய காகிதக் கிடங்கின் மூன்றாம் மாடியைப் பார்த்துவர ஒரு குமாஸ்தாவை அனுப்பினார். மதிய இடைவேளைக்குப் பிறகு குமாஸ்தா வியர்வையோடு திரும்பினார்.

"பதினோரு பேர் இருக்காங்க ஐயா. இவங்க எழுதினது பத்து."

சிஸ்டரின் முகம் மலர்ந்தது. ஒரு ஆள் கூடுதல், லாபம்தானே. ஆனால் கடைக்காரி எழுந்தாள்.

"காதுல பஞ்சு வெச்சிருந்தவரா? அவர் அந்த வீட்டுப் பையனோட மாமா, வைத்தியத்துக்கு வந்திருக்கார். திங்கட்கிழமை போயிடுவார். அவரைச் சேர்க்கக் கூடாது. பத்துதான்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குமேல் ஒரு படிவத்தைக்கூட அவர் சந்தேகப்படவில்லை.

ஆனாலும் நாலாயிரம் சேர்ந்தும் ஐம்பதாயிரம் எட்டவில்லை. தொகுதி கலைந்தது. ஆணையின் கடைசிப் பக்கத்தில் மட்டும் புதிதாக ஒரு விதி இருந்தது: இனி நாடு முழுக்கக் கதவு எண் இல்லாத இருப்பிடங்களையும் எண்ண வேண்டும், வாக்காளர் படிவத்தில் அதற்கென்று தனிக் கட்டம் போட வேண்டும்.

சிஸ்டரின் கடைசிப் பேச்சைக் கேட்க, நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்தில் கடைக்காரியும் கணவனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆள் குறைவு என்று என் தொகுதியைக் கலைத்தீர்கள்," என்றாள் சிஸ்டர். "சரி. ஆனால் மாடிப்படிக்குக் கீழே படுப்பவரையும் வாக்காளர் என்று இந்த நாட்டை ஒத்துக்கொள்ள வைத்துவிட்டுத்தான் போகிறோம்."

மேசைகள் தட்டப்பட்ட சத்தம் மாடம் வரை அதிர்ந்தது. கணவன் மெதுவாக, "'போகிறோம்'னு உன்னையும் சேர்த்துத்தான் சொல்றாங்க," என்றான். அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அடுத்த தேர்தலில் அவளுடைய தெருவின் இந்தப் பக்கம் ஒரு தொகுதி, எதிர்ப்பக்கம் வேறொன்று. வாக்குச்சாவடி வாசலில் காகிதக் கிடங்கு மாடிக்காரர்கள் பத்துப் பேரும் தேய்த்த சட்டையோடு வரிசையில் நின்றார்கள். அவளைப் பார்த்ததும் முன்னால் போகச் சொல்லி வழிவிட்டார்கள்.

"வேணாம்பா," என்றாள் கடைக்காரி. "நான் ஏழு தடவை போட்டாச்சு. உங்களுக்கு இதுதான் முதல் தடவை. நீங்க போங்க."

அவர்கள் ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி உள்ளே போவதை, வரிசையின் கடைசியில் நின்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.