வீடியோ லூர்துவின் பேய்ப்படம்

லூர்துவின் கமராவைப் பார்த்துச் சிரிக்காத தமிழர் ஒஸ்லோவில் யாரும் இல்லை. பத்து வருடமாகக் கலியாணவீடு, சாமத்தியவீடு, முதல்நன்மை, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் அவர்தான் வீடியோ. மன்னாரிலிருந்து வந்த மனுஷன். வாரநாளில் பாண் தொழிற்சாலையில் வேலை, சனி ஞாயிறு என்றால் தோளில் கமரா. மண்டபத்துக்கு வந்த ஒருவரையும் விடாமல் எடுப்பது அவருடைய தொழில் தர்மம். யாராவது விடுபட்டால் அந்தக் குடும்பம் பிறகு தெருவில் கண்டாலும் முகம் கொடுக்காது. அதனால் பந்தியில் சாப்பிடுகிறவர்களைக்கூடக் கடைசி இலை வரை வரிசையாக எடுத்துவிடுவார்.

கமரா தன் பக்கம் திரும்பினால் சேலைத் தலைப்பைச் சரிசெய்ய வேண்டும், வாயில் இருப்பதை அவசரமாக விழுங்க வேண்டும், பிறகு பல் தெரியச் சிரிக்க வேண்டும் என்று ஊரையே பழக்கிவிட்டவர் அவர்தான். அந்தப் பழக்கம் ஒருநாள் தன் தலையிலேயே வந்து விடியும் என்று அவர் நினைக்கவில்லை.

ஏனென்றால் லூர்துவுக்கு ஓர் ஆசை இருந்தது. ‘வீடியோ லூர்து’ என்று கூப்பிடுகிற இந்தச் சனம் ஒருநாளாவது தன்னை டைரக்டர் என்று சொல்ல வேண்டும். முந்தின வருடம் ஒரு சோகப்படம் எடுத்தார். கதாநாயகி செத்துக் கிடக்கிற கட்டத்தில், கை பழகிய தோஷம், கலியாண வீடியோவுக்குப் போடுகிற ரோசாப்பூ மழையைப் போட்டுவிட்டார். பிணத்தின் மேல் பூக் கொட்டக் கொட்ட, மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பாவம், மனுஷனுக்கு அது பெரிய அவமானம்.

இவ்வளவும் நடந்த பிறகு இன்னொரு படம் எடுக்கப்போவதாக அவர் சொன்னதும், மனைவி அனஸ்ரேசியா அடுப்பை அணைத்துவிட்டு வந்து முன்னால் நின்றார்.

“இஞ்சாருங்கோ, இதுதான் கடைசி. இதுக்கும் சனம் சிரிச்சா, பிறகு நீங்கள் கலியாணவீட்டோடை நிக்கவேணும்.”

“இது பேய்ப்படமப்பா. பேயைக் கண்டு ஆர் சிரிக்கப் போகினம்?”

“ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் உண்மையாப் பயந்து கத்தட்டும். நானே உங்களை டைரக்டர் எண்டு கூப்பிடுறன்.”

லூர்து சுவரில் இருந்த மாதா படத்தைத் தொட்டுச் சம்மதித்தார். மாதாவைத் தொட்டுச் சொன்னதை மீறுகிற ஆள் அவர் இல்லை. ஒருவரும் கத்தாவிட்டால் ஆசையை அந்த மண்டபத்திலேயே புதைத்துவிட்டு வர வேண்டியதுதான்.

படத்தின் பெயர் ‘பேய் வந்த மூன்று வீடுகள்’. மூன்று கதை, ஒரே இரவு, அந்த இரவு ஹாலோவீன். யோசனை பதினாறு வயது மகள் ஹன்னாவுடையது.

“அப்பா, அண்டைக்கு ஊர் முழுக்கப் பேய் வேஷத்திலைதான் திரியும். நாங்கள் ஒண்டும் கட்டி எழுப்பத் தேவையில்லை. எல்லாம் கிராட்டிஸ்,” என்றாள் அவள். காசில்லாமல் கிடைப்பது என்றால் எந்த மொழியில் சொன்னாலும் லூர்துவுக்கு விளங்கும்.

முதல் கதை ட்வெய்ட்டா அடுக்குமாடி ஒன்றின் லிஃப்டில். கதவு திறந்ததும் உள்ளே பேய் நிற்கும், பெண் அலற வேண்டும். தெரிந்த அக்கா ஒருவரைப் பிடித்து நிறுத்தினார். கதவு திறந்தது. அக்கா தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு கமராவைப் பார்த்து அழகாகச் சிரித்தார்.

“அக்கா, பேய் நிக்குது. பயப்பிடுங்கோ.”

“பயந்துகொண்டுதானே தம்பி நிக்கிறன்.”

திரும்பத் திரும்ப எடுத்தும் அந்தச் சிரிப்பு அழியவில்லை. இரண்டாவது கதை மோர்டென்ஸ்ருட்டுக்குப் போகிற ரயிலில். கடைசி நிலையம் வந்தும் இறங்க மறுக்கிற பேய். அங்கே பேய்க்குப் பின்னால் இருந்த யாரோ ஒரு தமிழர், இதுவும் யாருடையதோ கலியாண வீடியோ என்று நினைத்து எட்டிப் பார்த்து, “ஆற்றை கலியாணம் தம்பி?” என்று கேட்டது தெளிவாகப் பதிந்துவிட்டது. மிச்சம் இருந்தது மூன்றாவது கதை மட்டும்.

அதை மோர்டென்ஸ்ருட்டில் தன் வீட்டிலேயே, உண்மையான ஹாலோவீன் அன்றே எடுப்பது என்று முடிவு. ஹாலோவீன் வேஷம் போட்டு இனிப்புக் கேட்டு வருகிற பிள்ளைகளோடு பிள்ளைகளாக நிஜப் பேய்களும் உள்ளே புகுந்து, சமைத்து வைத்ததையெல்லாம் தின்று தீர்ப்பதுதான் கதை. ஐந்து பேய். ஐந்துக்கும் கண்ணுக்கு ஓட்டை வெட்டிய வெள்ளைப் படுக்கை விரிப்பு, நிலத்தில் இழுபடுகிற நீளத்துக்கு.

இரண்டாயிரத்தெட்டில் ஹாலோவீன் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஆறு நாள் கந்தசட்டி விரதத்தின் மூன்றாம் நாளும் அதுதான். கோயில் பக்கம் போகாத லூர்துவுக்கு அது எங்கே தெரியும். பெரிய பேயாக நடிக்க வந்த இராசதுரை கோயில் நிர்வாகசபையில் இருக்கிறவர், ஆள் வாட்டசாட்டம். மணிக்கட்டில் விரதக் காப்பு, அதுதான் பூசை செய்து ஐயர் கட்டிவிடுகிற நூல். பின்னால் அவர் மனைவி கமலாதேவி, கையில் பால் பிளாஸ்க்.

“தம்பி லூர்து, இவர் விரதம். நடிக்கட்டும். ஆனா ஒண்டும் வாயிலை வைக்கமாட்டார், சொல்லிப்போட்டன்.”

“பாலும் பழமும்தான்,” என்றார் இராசதுரை, காப்பைத் தடவிக்கொண்டு. “இஞ்சை வந்த நாள் துவக்கம் ஒரு வருசமும் விட்டதில்லை.”

கதிரையில் ஏறிப் பல்பு மாற்றிக்கொண்டிருந்த லூர்து, “ஓம் அக்கா, ஓம் அண்ணை,” என்றார். காதில் விழுந்ததா என்பது மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

அனஸ்ரேசியா ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்தார். அந்த வாசம் வீடு முழுக்க எழும்பியது. மூன்று நாள் பாலும் பழமுமாக இருக்கிற ஒருவருக்குப் பக்கத்தில் செய்யக்கூடிய காரியமா அது?

இருட்டியதும் வாசல்மணி அடித்தது. சூனியக்காரியும் எலும்புக்கூடுமாக நோர்வேஜியப் பிள்ளைகள் நின்றார்கள். இனிப்புக் கொடுக்கும் பொறுப்பு கமலாதேவிக்கு. வாசலுக்கு வந்த பிள்ளைகளை வெறும் மிட்டாயோடு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. ஆளுக்கொரு சூடான ரோல்ஸைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தார். போன எலும்புக்கூடு கொஞ்ச நேரத்தில் அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. கமலாதேவி அதன்பின் வாசலை விட்டு அசையவில்லை.

உள்ளே லூர்து, “உண்மையாவே சாப்பிடுங்கோ, நடிச்சாத் தெரியும்,” என்றார். பேய்கள் மேசையில் பாய்ந்தன. பந்தியைக் கண்ட அவருடைய கை தானாகவே ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போய், ஒருவரையும் விடாமல் எடுத்து முடித்தது.

எடிட்டிங் செய்கிறபோதுதான் அந்தக் கையைக் கண்டார். ஒரு விரிப்புக்குள்ளிருந்து மெல்ல வெளியே வருகிறது. தயங்குகிறது. கொஞ்சம் நடுங்குகிறது. சட்டென்று ஒரு ரோல்ஸைப் பிடித்து உள்ளே இழுக்கிறது. பிறகு இன்னொன்றுக்கு வருகிறது. முழுப் படத்திலும் கமராவை மறந்து நடித்தது அந்தக் கை ஒன்றுதான்.

“அப்பா, இது மட்டும்தான் ஸ்குமெல்ட். உண்மையாப் பயமா இருக்கு,” என்றாள் ஹன்னா.

லூர்து அதைப் பெரிதாக்கினார், வேகத்தைக் குறைத்தார், அடியில் மேளத்தை உறுமவிட்டார். மணிக்கட்டில் ஏதோ நூல் தெரிந்தது. செத்த ஆளின் கையில் கட்டிய கயிறு போல் இருக்கிறதே, பேய்க்குப் பொருத்தம்தான் என்று அதையும் திரை நிறையக் கொண்டுவந்தார்.

நவம்பரில் ட்வெய்ட்டாவில் ஒரு பாடசாலை மண்டபத்தில் படம். முன்வரிசையில் இராசதுரையும் கமலாதேவியும். விரதம் நல்லபடி முடித்த களை இராசதுரையின் முகத்தில் இருந்தது. லூர்து பின்னால் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்றார். அடுத்த கதிரையில் அனஸ்ரேசியா.

லிஃப்ட் அக்கா சிரித்தார், மண்டபமும் சேர்ந்து சிரித்தது. ‘ஆற்றை கலியாணம்’ வந்ததும் ஒருவர் கதிரையிலிருந்து வழுக்கியே விழுந்துவிட்டார். லூர்து திரையைப் பார்க்காமல் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது கதை தொடங்கியது. பேய்கள் மேசையைச் சூழ்ந்தன. மேளம் உறுமியது. வெள்ளை விரிப்புக்குள்ளிருந்து அந்தக் கை மெல்ல வெளியே வந்தது. கமரா அதை நெருங்கியது, இன்னும் நெருங்கியது, மணிக்கட்டு வரைக்கும் வந்தது.

“ஐயோ, முருகா.”

அடிவயிற்றிலிருந்து வந்த அலறல் அது. முன்வரிசையில் இராசதுரை எழுந்து நின்றார். வேட்டியை ஒரு கை பிடித்திருந்தது. சாவைக் கண்டவர்கூட அப்படிக் கத்தியிருக்கமாட்டார். திரையில் காப்புக் கட்டிய கை இரண்டாவது ரோல்ஸை எடுத்து உள்ளே கொண்டுபோனது.

இருட்டுக்குள் கமலாதேவியின் குரல் நிதானமாகக் கேட்டது.

“ஆறு நாளும் வாழைப்பழம் உரிச்சுத் தந்தது நான்.”

அவ்வளவுதான், மண்டபம் இடிந்து விழுவதுபோல் சிரித்தது. லூர்துவுக்கு அப்போதுதான் அந்த நூல் என்ன, அந்தக் கை யாருடையது என்பதெல்லாம் விளங்கியது. இராசதுரை கதிரைகளில் முட்டி மோதிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்.

“தம்பி, நிப்பாட்டும். உமக்குப் புண்ணியம் கிடைக்கும், நிப்பாட்டும். மூண்டாவதும் வரப்போகுது.”

லூர்து இளகிய மனசுக்காரர். பாவமாக இருந்தது. ஊரும் சிரித்துவிட்டது, இனி என்ன இருக்கிறது என்று புரொஜெக்டரை அணைக்கக் கையைக் கொண்டுபோனார். அந்தக் கையை இன்னொரு கை இறுக்கிப் பிடித்தது. அனஸ்ரேசியா எழுந்து வந்து நின்றார். சிரித்துச் சிரித்து அவருடைய கன்னம் நனைந்திருந்தது.

“ஒரு ஆள் உண்மையாப் பயந்து கத்தினதை நான் என்ரை காதாலை கேட்டனான்,” என்றார். “கையை எடுங்கோ டைரக்டர். படம் ஓடட்டும்.”

லூர்து கையை எடுத்தார்.