பிரான்சு மாத்திரை

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கண்ணகி மயங்கி விழுந்துவிட்டாள் என்று ஆள் வந்து சொன்னபோது நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் விரலெல்லாம் செதில் ஒட்டியிருப்பது தெரிந்தது. போய்ப் பார்த்தால், என் மகளைப் பெஞ்சில் படுக்கவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். உதடு வெளுத்துக் கிடக்கிறது, மூச்சு வாங்குகிறது. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு ஒரு மாடிப்படி ஏறியதற்கு இந்தப் பாடு. "காலைல சாப்ட்டியாடி?" என்றுதான் முதலில் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்தாள். அவள் பத்து விரல் நகமும் அடியில் கறுத்திருந்தது. டைப் மெஷின் ரிப்பன் மை என்று நான் ஒரு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்த கறுப்பு அது. சோப்புப் போட்டுத் தேய்க்கவும் வணங்காத பெண் என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன்.

எனக்கு வாய் நீளம். என் வீட்டுக்காரர் இராமதாஸ் மில்லில் எட்டு மணி நேரம் தறிச் சத்தத்தில் நிற்பவர், வீட்டுக்கு வந்தால் அந்தச் சத்தமே தேவலாம் என்பார். ஆனால் நான் வைத்தியத்தில் கெட்டி என்று எனக்கு ஒரு நினைப்பு. அதற்குக் காரணம் என் தம்பி தெய்வசிகாமணி. எங்கள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். தம்பியும் அதே வழியில் பிரான்சுக்குப் போய்விட்டான். நான் மில்காரரைக் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சிகாமணி வரும்போது பெட்டியில் சோப்பும் செண்டும் கொஞ்சம்தான் இருக்கும், மீதியெல்லாம் மாத்திரை. தலைவலிக்கு, இடுப்புவலிக்கு, அசதிக்கு என்று அவன் சொல்லச் சொல்ல நான் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வேன். அவன் போன பிறகு தெருவுக்கே நான்தான் டாக்டர். பிரான்சு மாத்திரை என்றால் எங்கள் பக்கத்தில் கோயில் பிரசாதம் மாதிரி. காய்ச்சல் இல்லாதவர்கள்கூட ஒன்று வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள். வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் சின்னப்பொண்ணுக்கு மூட்டுவலிக்கு இரண்டு கொடுத்தால் அன்றைக்கு வஞ்சிரத்தில் நடுத்துண்டு எனக்கு.

எண்பத்தொன்பதாம் வருடம் தைப்பொங்கல் கழித்து அவன் வந்தான். ஆறு மாத லீவு என்றான். இவ்வளவு நீண்ட லீவு அவனுக்குக் கிடைத்ததே இல்லை. ஆள் பாதியாக இளைத்திருந்தான். எனக்கென்று ஒரு மாத்திரையும் கொண்டுவரவில்லை. ஆனால் அவன் பெட்டிக்கு அடியில் ஒரே மாதிரி பாட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒரு பாதி வெள்ளை, ஒரு பாதி நீலமாக உள்ளே மாத்திரைகள். கையில் கட்டியிருக்கும் கடிகாரம் நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் கீச் கீச்சென்று கத்தும், உடனே ஒன்றை எடுத்து விழுங்குவான். என்னடா அது என்று கேட்டேன்.

"வித்தமின்க்கா. சத்து மாத்திர."

"கண்ணகி சோகையா கெடக்குறா. அவளுக்கும் ஒரு பாட்டில் குடேன்."

"அதெல்லாம் வேணாம். இது எனக்குன்னு டாக்டர் குடுத்தது" என்று பெட்டியை மூடிவிட்டான்.

எனக்குச் சுருக்கென்றது. தெருவுக்கே அள்ளிக் கொடுத்தவன், பெற்ற பெண்போல வளர்ந்த அக்கா மகளுக்கு ஒரு சத்து மாத்திரை தரமாட்டானாம். பட்டாளத்துச் சம்பளம் ஏறினால் மனசு சுருங்கிவிடும்போல என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் அவன் கடற்கரைக்கு நடக்கப் போனதும் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தேன். என் தம்பி பெட்டியில் எனக்கு உரிமை இல்லையா? அது இருந்த அட்டைப்பெட்டிக்குள் பொடி எழுத்தில் அச்சடித்த காகிதம் ஒன்று மடிந்திருந்தது. பிரெஞ்சு எனக்குப் படிக்கத் தெரியாது. நல்ல கெட்டியான மடிப்பாக இருந்ததால், ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு முட்டுக் கொடுத்தேன்.

காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மாமாவிடம் சொல்லாதே என்று கண்ணகியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நாளிலேயே குமட்டல் என்றாள். சத்து உடம்பில் பிடிக்கும்போது அப்படித்தான் இருக்கும் என்றேன். தலை வலிக்கிறது என்றாள். பரீட்சை பயம் என்றேன். முகம் வெளுத்துக்கொண்டே போனது. சரி, ஒன்று பத்தவில்லை என்று காலையில் இரண்டு, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் இரண்டு என்று ஏற்றினேன். இன்னொரு பாட்டிலையும் எடுத்தேன். என் கையால், நானே தண்ணீர் மொண்டு கொடுத்து, அவள் விழுங்குகிறாளா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன்.

பெரியாஸ்பத்திரியில் அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். இளவயது டாக்டர் ஒருவர் அவள் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை, வேகவைத்த முட்டையாட்டம் இருந்தது. ரத்தம் எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில் நாலரைதான் இருக்கிறது என்றார். உடனே ரத்தம் ஏற்ற வேண்டும், சொந்தக்காரர்கள் யாராவது கொடுங்கள் என்றார். அதற்குள் இராமதாசும் சிகாமணியும் வந்துவிட்டார்கள்.

"ஏதாவது மருந்து சாப்புடுறாளாம்மா?"

"ஒண்ணுமில்ல சார். சத்து மாத்திரதான்" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். நான் தம்பி பக்கம் திரும்பினேன். "தாய்மாமன் இருக்கான் சார், பட்டாளத்து ஒடம்பு. அவன்கிட்ட எடுங்க."

சிகாமணி சுவரோடு ஒட்டி நின்றான். "நான் குடுக்கக் கூடாதுக்கா" என்றான்.

எனக்குக் கேட்டது சரிதானா என்று புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். அவன் மறுபடியும் தலையை ஆட்டினான். எனக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறிவிட்டது. வராந்தா என்றும் பார்க்கவில்லை, ஜனம் நிற்கிறது என்றும் பார்க்கவில்லை.

"ஒம் மடியில வெச்சுதானடா அவளுக்குக் காது குத்துனோம்! ஒரு பாட்டில் ரத்தம் குடுக்க வலிக்குதா ஒனக்கு? மாத்திரய ஒளிச்சு வெச்சா மாதிரி ரத்தத்தயும் ஒளிச்சு வெச்சிக்கிறியா? நீயெல்லாம் ஒரு தாய்மாமனா? நல்லா இருப்பியா நீ?"

தள்ளுவண்டியிலிருந்து கண்ணகியின் கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து உள்ளே வைக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். அவள் விரல்களை விரித்துப் பார்த்தான். பிறகு தன் கையைப் பக்கத்தில் வைத்தான். நான் அதுவரை என் தம்பியின் நகங்களைப் பார்த்ததே இல்லை. அதே கறுப்பு. அவனுக்கு ஏது டைப் மெஷின், ஏது ரிப்பன்?

"என் பெட்டியில இருந்து மாத்திர எடுத்தியாக்கா?"

குரல் மெதுவாகத்தான் இருந்தது. "சத்து மாத்திரதானடா" என்று முனகினேன்.

"எத்தினி குடுத்த?"

"ரெண்டு பாட்டிலு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அப்புறம் என் காதோரம் குனிந்து சொன்னான். "அது வித்தமின் இல்லக்கா. எனக்கு எய்ட்ஸ் கிருமி இருக்கு. அதுக்கு மருந்து அது. எப்பிடி வந்துச்சுன்னு மட்டும் கேக்காத."

பேப்பரில் கட்டம் கட்டிப் போட்டிருந்த வார்த்தை. எங்கேயோ, யாருக்கோ வருவது. அது என் தம்பி வாயிலிருந்து மூச்சுக்காற்றோடு என் காதில் விழுந்தது. நான் செய்ததை மறைக்கமாட்டேன். ஓர் அடி பின்னால் போனேன். யோசித்துச் செய்யவில்லை, கால் தானாகப் போனது. அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, டாக்டரைத் தனியே கூப்பிட்டுக்கொண்டு போய் அவனே எல்லாவற்றையும் சொன்னான். எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் பேனா நின்றது எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது.

இராமதாசும் மில்லிலிருந்து வந்த அவர் கூட்டாளி கொளஞ்சியும் ரத்தம் கொடுத்தார்கள். என்ன ஏது என்று கொளஞ்சிக்குச் சொல்லவில்லை. பாட்டில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கும்போது நான் டாக்டரிடம் போய் நின்றேன். கேட்கவே நாக்கு கூசியது.

"அந்த மாத்திரயால எம் பொண்ணுக்கும் அந்த வியாதி வந்துடுமா சார்?"

"வராதும்மா. மாத்திரை வியாதிய அடக்கத்தான். ஆனா ரொம்பக் கடுமையான மருந்து. எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற எடத்தயே போய் அடிக்கும். உங்க தம்பிக்கு வேற வழியில்ல, அதனால சாப்புடுறாரு. இந்தப் பொண்ணுக்கு எதுக்கு? நிறுத்திட்டீங்கன்னா திரும்ப ஊறிடும்." கொஞ்சம் நிறுத்தி, "அவரோட சேர்ந்து சாப்புடுறது, தொடுறது, இதாலெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றார். நான் பின்னால் நகர்ந்ததை இவரும் பார்த்திருக்கிறார் என்று தோன்றியது. எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை.

இமையின் உள்பக்கம் லேசாகச் சிவந்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குள் ஒன்பது நாள் ஆகிவிட்டது. தினமும் நானே அவள் இமையை இழுத்து இழுத்துப் பார்த்து, "வுடும்மா, கண்ணு வலிக்குது" என்று அவள் சிணுங்கும் அளவுக்கு அதில் தேறியிருந்தேன். வந்த அன்றைக்கே அவளுக்கு நகம் வெட்டினேன். கறுப்பு அப்படியேதான் இருந்தது. வளர்ந்துதான் போகுமாம்.

மத்தியானம் அவள் தூங்கிய பிறகு சிகாமணி வந்து மேசையருகே உட்கார்ந்தான். நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்த நாட்களில் அவன் தன் தட்டையும் தம்ளரையும் தனியாகக் கழுவி ஜன்னலோரம் கவிழ்த்து வைத்திருந்தான். யாரும் சொல்லவில்லை, அவனாகவே. நான் குனிந்து மேசைக் காலுக்கு அடியிலிருந்த காகிதத்தை உருவினேன். மேசை ஆடத் தொடங்கியது.

"படிச்சி சொல்லுடா."

அவன் மடிப்பைப் பிரித்தான். மண்ணும் எறும்பு அரித்த ஓட்டையும். மெதுவாகப் படித்துத் தமிழில் சொன்னான். குமட்டல் வரும். தலைவலி வரும். தூக்கம் கெடும். ரத்தம் குறையும். நான் பயம் என்றதும் சத்து என்றதும் ஒவ்வொன்றாக அந்தக் காகிதத்தில் இருந்தன. தொண்ணூறு நாள் என் மேசைக்கு அடியிலேயே இருந்திருக்கிறது. கடைசியில் ஒரு வரியில் அவன் குரல் இறங்கியது.

"பதினஞ்சு நாளுக்கு ஒருதரம் ரத்தம் எடுத்து பாக்கணும். கொறஞ்சா மாத்திரய கொறைக்கணும், இல்ல நிறுத்தணும்."

"நீ பாத்தியா?"

அவன் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தான்.

"வந்து மூணு மாசமாச்சேடா. ஒருவாட்டியாவது பாத்தியா?"

"இந்த ஊர்ல எங்க போய் பாக்கறதுக்கா? எதுக்குன்னு சொல்லி சீட்டு எழுதச் சொல்றது? தெரிஞ்சவன் எவனாவது நிப்பான்."

நான் எழுந்து அவனிடம் போனேன். அன்றைக்குப் பின்னால் போன அதே கால்தான். அவன் தலையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, கீழ் இமையை விரலால் இழுத்தேன். வேகவைத்த முட்டை. சின்ன வயதில் கண்ணில் தூசி விழுந்தால் ஊதிவிடச் சொல்லி என்னிடம்தான் ஓடிவருவான். இப்போதும் அப்படித்தான் அண்ணாந்து, அசையாமல் இருந்தான்.

"நாளைக்கு காலையில எங்கூட ஆஸ்பத்திரிக்கு வர்ற. எவன் நின்னாலும் நான் பேசிக்கிறேன்."

"அவங்க நிறுத்தச் சொன்னா?"

நான் இமையிலிருந்து விரலை எடுத்தேன்.

"நிறுத்தலன்னாலும்..." என்று ஆரம்பித்து, அவன் பெட்டியிருந்த பக்கம் பார்த்தான். "திரும்ப பிரான்சுக்கு போற வரைக்கும் பத்தாதுக்கா. ஒரு மாசத்துக்கு இடிக்கும். இங்க எங்கியும் கெடைக்காது." குறை சொல்வதுபோலச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னான். நான் என் மகளுக்கு நின்று பார்த்துப் பார்த்து ஊட்டியது இவனுடைய நாட்களை.

கடிகாரம் கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது. மணி நாலு. வழக்கமாக முதல் சத்தத்திலேயே அமுக்கிவிடுகிறவன் அன்றைக்கு அமுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து மேசைமேல் வைத்தான். ஜன்னலோரம் கவிழ்ந்திருந்த அவனுடைய தம்ளரை விட்டுவிட்டு, நான் குடிக்கும் தம்ளரில் தண்ணீர் மொண்டுவந்து வைத்தேன். அவன் கை அதன்பக்கம் போகவில்லை. விழுங்கவா வேண்டாமா என்று கேட்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். யார் முழங்கை பட்டதோ, மேசை என் பக்கம் சாய்ந்தது. தம்ளரில் தண்ணீர் தளும்ப, அந்த வெள்ளையும் நீலமும் உருண்டு உருண்டு விளிம்புக்கு வந்தது. நான் கையை ஏந்தினேன்.