சீற்றுக்கு ஒருத்தர்

அலுவலகக் கூட்டத்தில் சுவரில் ஒளியாக விழுந்த வரைபடத்தைப் பார்த்ததும் ஜெயமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேள்விகள் வரும் வழிக்கு ஒன்றாக மூன்று கோடுகள். பச்சை, மின்னஞ்சல், 2003இல் தரையோடு கிடந்தது, நாலே வருடத்தில் உச்சிக்கு ஏறிவிட்டது. நீலம் தொலைபேசி, சிவப்பு நேரில் வருகிறவர்கள். இரண்டும் சறுக்கிக்கொண்டு கீழே போயின.

“சுற்றுலாப் பயணிகள் இப்போது எழுதித்தான் கேட்கிறார்கள்,” என்றார் சுற்றுலாத் தகவல் நிலையப் பொறுப்பாளர் திருமதி பெக்கர். “இந்தக் கோடையிலும் நீலக் கோடு எழும்பாவிட்டால் செப்டெம்பரோடு முன்மேசையை மூடிவிடுவோம்.”

முன்மேசை என்றால், வருகிறவர்களுக்கும் அழைக்கிறவர்களுக்கும் பதில் சொல்லும் ஜெயமலர்தான். வருடக்கணக்காகக் கூட்டித் துடைத்து முழங்கால் தேய்ந்து, மாலை வகுப்பில் ஜெர்மன் படித்துப் பிடித்த நாற்காலி அது. அதைப் போய் ஒரு கோடு பிடுங்குவதா?

யார் சொன்னது தொலைபேசி குறைந்ததென்று? ஆவணியில் இந்தச் சின்ன ஊரின் மாதா கோயிலுக்கு ஜெர்மனி முழுவதிலுமிருந்து தமிழர்கள் திரண்டு வருகிறார்கள். பஸ் எங்கே நிறுத்துவது, அறை எங்கே எடுப்பது என்று அவர்களில் ஒருவராவது மின்னஞ்சல் எழுதியதுண்டா? எல்லாம் தொலைபேசிதான். அதுவும் அவளுடைய சொந்தக் கைத்தொலைபேசிக்கு, அவர்கள் சொல்கிற ‘ஹண்டி’க்கு, வேலை முடிந்து வந்து அவள் சோற்றில் கை வைக்கிற நேரம் பார்த்து.

அன்று மாலையும் மணி அடித்தது. மரக்கறி வெட்டிய கத்தியோடு எடுத்தாள்.

“அக்கா, பிராங்பேர்ட்டிலையிருந்து டெனிஸ்டன் கதைக்கிறன். இந்தமுறையும் ரெண்டு பஸ் வாறம். எங்கை நிப்பாட்டிறது?”

வருடா வருடம் ஆள் சேர்த்துக்கொண்டு வருகிற டெனிஸ்டன். நல்ல பிள்ளை. ஆனால் இன்றைக்கு அகப்பட்டுக்கொண்டான்.

“எனக்கேன் எடுக்கிறாய்? ஒஃபிசிலை ரெலிபோன் இல்லையோ?”

“இருக்கு அக்கா…” அவன் தடுமாறினான். “நீங்கள் வேலையிலை நிக்கேக்கை எடுத்தா அந்த வெள்ளைக்காரி ஏதும் சொல்லுவா எண்டுதான். உங்களுக்குக் கரைச்சல் குடுக்கப்படாது எண்டு எல்லாருக்கும் நான்தான் உங்கடை ஹண்டி நம்பரைக் குடுத்தனான். பூசை முடிஞ்சாப்பிறகு கோயிலிலையும் சொன்னனான்.”

“உன்ரை நல்ல மனசிலை இடி விழ!”

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன்மேல் மட்டுமா கோபம்? ‘ஜெயமலர் அக்காவைக் கேட்டால் எல்லாம் தெரியும்’ என்று பத்துப்பேர் சொல்லக் கேட்கிற சுகத்தில், இத்தனை வருடம் பல்லைக் காட்டிப் பதில் சொன்னது அவள்தானே. தன் நாற்காலியின் காலைத் தானே அறுத்திருக்கிறாள். நினைக்க நினைக்க உடம்பெல்லாம் எரிந்தது.

“கேள், டெனிஸ்டன். ஒஃபிசுக்கு ஆரும் எடுக்கிறேல்லை எண்டு என்ரை வேலையைப் பறிக்கப் போகினம். விளங்குதோ? எனக்குக் கரைச்சல் தாங்கோ. பஸ்ஸுக்கு ஒருத்தர் காணாது, சீற்றுக்கு ஒருத்தர் எடுக்கவேணும். ஹண்டிக்கு எடுத்தா நான் ஒரு பதிலும் சொல்லமாட்டன்.”



“ஓம் அக்கா,” என்றான். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

மறுநாள் காலை அலுவலகக் கதவைத் திறக்கும்போதே மணி அடித்துக்கொண்டிருந்தது. முதலில் டெனிஸ்டனின் பஸ்ஸில் வருகிற கொறற்றி, அறை கேட்டு. அவளுடைய அழைப்பை வைப்பதற்குள் யோசேப்பு, சக்கர நாற்காலிக்குப் பாதை கேட்டு. பிறகு யார் யாரோ. பொறுக்கமாட்டாமல் திருமதி பெக்கர் உள்ளறையிலிருந்து எட்டிப்பார்த்தார்.

“என்ன நடக்கிறது இங்கே?”

“சுற்றுலாப் பயணிகள்,” என்றாள் ஜெயமலர், அவர் கண்ணை நேரே பார்த்து. “எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.”

அழைப்புகளை எண்ணுகிற தாளில் அடுத்த கோட்டை இழுத்தாள். அழுத்திய அழுத்தத்தில் தாள் கிழிந்தது. புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, மறுபடி அடித்த தொலைபேசியைத் தூக்கினாள்.