வாங்க ஆள் தயாராம், கட்டணம் முதலிலாம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. என் மைத்துனனுக்கு நான் வாயால் சொன்னால் ஏறாது. அச்சில் வந்தால் வேதவாக்கு. பளபளக் காகிதத்தில் கடற்கரைப் படம் பார்த்துத்தான் ஒரு விடுதியில் வருஷத்துக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை வாங்கினான். டைம்ஷேர் என்று பெயர். போனது ஒரே தடவை. பராமரிப்புப் பணம் மட்டும் தவறாமல் போகிறது. ஆகவே நானும் அச்சில் வருகிறேன்.

2

'கடல் அலைகள் மெல்ல...'

வேண்டாம். எனக்குக் கடலும் தெரியாது, மெல்லவும் தெரியாது. நேராக அவன் சலூனுக்குப் போவோம். கட்டடக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். புதுக் கடைக்கு அட்வான்ஸ் சேர்த்து வைத்திருக்கிறான். அந்த நேரம் பார்த்து ஒரு போன்: உங்கள் டைம்ஷேரை வாங்க ஆள் தயார், விற்றுத் தரும் கட்டணத்தை மட்டும் முதலில் அனுப்புங்கள். கையில் இருப்பது அந்த அட்வான்ஸ்தான். அனுப்பி ஆள் வராவிட்டால், கடை இல்லை.

"வித்த காசுல கழிச்சுக்கச் சொல்லு மாப்ள."

"ரூல் அப்படி இல்லையாம் அத்தான்."

"நீ உக்கார்றவன்கிட்ட முதல்லயே காசு வாங்குவியா?"

"வெட்டாம எப்படி வாங்குறது?"

"அதத்தான் கேக்கறேன்."

"நீங்க யாரத்தான் நம்பியிருக்கீங்க? கல்யாணத்தன்னிக்கு எங்க அக்காவையே சந்தேகமா பாத்தவர்தானே."

(பாத்திரங்களை அதிகம் பேச விடக் கூடாது. மொட்டை என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். தொழிலைக் கிண்டல் செய்வானேன்.)

3

போன்காரனைத் திருடன் என்றே எழுதப் பார்த்தேன். குரலோ புது மருமகன் மாதிரி அடக்கம். ஒருவேளை நல்லவனாக...

இல்லை. நல்லவன் வேலையை முடித்துவிட்டு வாங்கட்டும்.

ஒரு முடிவு: பணம் போகிறது, போன் அடங்குகிறது, "நீங்க ஏன் தடுக்கல" என்று என் வீட்டுக்காரி என்னைப் பிடிக்கிறாள்.

இன்னொன்று: மைத்துனன் மறுக்கிறான், வாங்க ஆள் நிஜமாகவே இருந்திருக்கிறான். இதை எழுதக் கை வரவில்லை. நியாயத்துக்காக எழுதினேன்.

4

சலூன் மூலையில் உட்கார்ந்து இதை எழுதும்போதே போன் அடிக்கிறது. அவன் கை முழுக்க நுரை.

"அத்தான், எடுத்து என் காதுல வைங்க."

நான் எடுத்தால் திட்டத்தான் செய்வேன். அப்புறம் வீம்புக்கே பணத்தை அனுப்புவான். எடுக்கவில்லை.

நாற்காலியில் கன்னமெல்லாம் நுரையோடு இருக்கிறீர்களே, அனுப்பாதே என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். வாடிக்கைக்காரர் சொன்னாலும் கேட்பான். கத்தி இன்னும் பக்கத்தில் வரவில்லை. வாயைத் திறங்கள். கொஞ்சம் சோப்பு உள்ளே போகும், பரவாயில்லை.