உள்ளே விட்ட துணி

காத்திருப்போர் அறையில் எந்த நாற்காலி ஆடும், எந்த மின்விசிறி சத்தம் மட்டும் போடும் என்பதெல்லாம் தையல்காரிக்கு மனப்பாடம். அவள் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஊரையே ஏற்றி இறக்குகிற மனுஷனுக்கு ஆறு வருஷத்தில் இரண்டு தடவை வயிற்றைத் திறந்தாகிவிட்டது. குடல்வாலில் தொடங்கி வயிறெங்கும் கூழாகப் பரவுகிற புற்றுநோய். பல லட்சம் பேரில் ஒருத்தருக்குத்தான் வருமாம். ஒரு லாட்டரியில்கூட விழாத அதிர்ஷ்டம் இதற்கு மட்டும் வீடு தேடி வந்ததே என்று அவளுக்கு எரிச்சலாக வரும்.

இரண்டாவது அறுவை பதினோரு மணி நேரம் நடந்தது. கூழை வழித்தெடுத்து, சூடான மருந்தை ஊற்றி வயிற்றைக் கழுவினார்கள். பிறகு நாற்பது நாள் கட்டிலே கதி. மூக்கில் குழாயோடு கிடந்தவர் ஒரு நாள் சொன்னார்: "மறுபடி வந்தா என்கிட்ட சொல்லாத, டெய்லரம்மா. தெரியாமலே கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்."

அவளும் சரியென்று தலையாட்டித் தொலைத்தாள்.

மறுபடி வந்ததை ஸ்கேனுக்கு முன்னால் கண்டுபிடித்தவள் அவள்தான். எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள், துவைத்த பேன்ட்டை மடிக்கும்போது, கொக்கி பக்கம் துணி இழுபட்டு நைந்திருந்தது. கை கால் மெலிந்துகொண்டே போகிற ஆளுக்கு இடுப்பு மட்டும் எப்படிப் பெருக்கும்? தழும்பு உறுத்துகிறதென்று அவர் பெல்ட் போடுவதை எப்போதோ விட்டிருந்தார், அதனால் அவருக்கு உறைக்கவில்லை. பேன்ட்டின் பின்தையலில், பிற்பாடு பெரிதாக்கிக்கொள்ள, கொஞ்சம் துணியை உள்ளே மடித்து விட்டுத்தான் தைப்பாள் அவள். அந்த வாரமே மூன்று பேன்ட்டையும் பிரித்து, அரை இஞ்ச் விட்டுத் தைத்து, ஊசித்தடம் தெரியாமல் இஸ்திரி போட்டாள். பிறகு இன்னொரு அரை. அப்புறம் இன்னும் இரண்டு தடவை. அவர் பாட்டுக்கு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அவள் கைவேலையில் எவனும் குறை சொல்ல முடியாது. அதுதான் வினையாகப் போயிற்று.

ஸ்கேன் முடிவு சொல்ல இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

"திரும்பி வந்திருக்கு," என்றார் டாக்டரம்மா. சுற்றி வளைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "இந்தக் கூழ், ஸ்கேன்ல சரியா தெரியாது. எவ்வளவு வேகமா வளருதுங்கறதுதான் கேள்வி. மெதுவான்னா தொடாம பார்த்துட்டு இருக்கலாம். வேகம்னா திறக்கறதா வேண்டாமான்னு இப்பவே முடிவு பண்ணணும். தள்ளிப்போட்டா, அப்புறம் நீங்களே கேட்டாலும் என்னால கை வைக்க முடியாது. பேன்ட் இறுக்கமா இருக்கா?"

"இல்லியே. போன வருஷம் போட்டதெல்லாம் அப்படியே சரியா இருக்கு," என்றார் அவர்.

"அப்ப அவசரம் இல்ல. ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்." டாக்டரம்மா எழுதத் தொடங்கினார்.

கணவர் பெருமூச்சு விட்டுச் சாய்ந்தார். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஆறு மாதம் நிம்மதி. ஆறு மாதம் கழித்து இந்தக் கதவு சாத்திக் கிடக்கும். சாத்தியவள் அவளாக இருப்பாள்.

"டாக்டர், எழுதாதீங்க," என்றாள். "பேன்ட்டை நான்தான் பெருசாக்கினேன். எட்டு மாசத்துல நாலு தடவை. ரெண்டு இஞ்ச். உள்ள இனிமே துணி இல்ல."

அவர் பின்பக்கம் கையை விட்டுத் தையலைத் தடவிப் பார்த்தார். "எனக்குத் தெரியாமலா?"

"நீங்கதான சொல்லாதன்னீங்க."

"சொன்னேன்தான்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். மூன்றாவது தடவை ஆபத்து அதிகம், நல்லபடியாக முடிந்தால் இரண்டு மூன்று வருஷம் கிடைக்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். திறக்காவிட்டால் வலிக்கு, குடல் அடைப்புக்கு மட்டும் வைத்தியம். ஒரு வாரம் யோசித்துவிட்டு வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் தையல் மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒரு வாரமெல்லாம் வேணாம். எனக்குப் போதும்," என்றார். "இன்னொரு நாப்பது நாள் கூரையைப் பார்த்துக்கிட்டுக் கிடக்க என்னால ஆகாது."

"ரெண்டு மூணு வருஷம்ங்க."

"கிடைக்கலாம்னுதான சொன்னாங்க."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எட்டு மாசம் முன்னாடியே நான் வாயைத் திறந்திருந்தா?"

"அப்பவும் இதையேதான் சொல்லியிருப்பேன்."

அது நிஜமா, அவள் மனசு ஆறட்டும் என்று சொன்னதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இனி ஒருநாளும் பிடிபடப் போவதுமில்லை.

அவர் எழுந்து கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார். "அள, டெய்லரம்மா. ஒளிச்சு ஒளிச்சுப் பிரிச்சது போதும். இடுப்புல நாடா வச்சு, லூசா தைச்சுக் குடு."

டேப்பைச் சுற்றினாள். நுனியை அவரே பிடித்துக்கொண்டார். எண்ணை வாய்விட்டுச் சொன்னாள். நோட்டில் எழுதும்போது, இருபது வருஷமாக எல்லாரிடமும் கேட்கிற கேள்வி தன்னால் வாயில் வந்துவிட்டது: "எத்தனை தைக்கணும்?"

கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு போதும்," என்றவர் அவள் முகத்தைப் பார்த்தார். "சரி, ரெண்டா தை. ஒண்ணு காயுறப்போ மாத்திக்க வேணாமா?"

அளவுக்கு எதிரே இரண்டு என்று எழுதினாள். நாடா வைத்த பேன்ட்டுக்கு உள்ளே துணி விட வேண்டிய தேவையே இல்லை. அவள் மூன்று இஞ்ச் விட்டு வெட்டினாள்.